மடிகே என்ற பெயரும் மாட்டின் மூக்குக் கயிறும்

கொஞ்சம் நீண்ட பதிவு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே எழுதினால் யாருக்காவது பயன்படும் என்று நினைத்தேன். பொறுமையாக வாசியுங்கள்.

கடந்த வருடம் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்து ஊரொன்றில் உழ்ஹிய்யா மாடுகளை லொறியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய நாம்பனை அதன் மூக்குக் கயிற்றாலேயே லொறியின் கம்பியில் குட்டையாகக் கட்டியிருந்தார்கள். கயிற்றை அவிழ்க்க முன்னமே பின்பலகையைத் திறந்துவிட்டார்கள். மாடு வெளிச்சத்தைக் கண்டு பாய்ந்தது. கம்பி விடவில்லை, கயிறும் விடவில்லை, மூக்குத்தான் விட்டது. இரத்தம் ஒழுக ஒழுக அந்த மாடு பிரதான வீதியில் ஓடியது. அதைப் பிடிக்க ஓடியவர்களில் எங்கள் பாடசாலையில் தரம் 11 படிக்கும் பிள்ளை ஒருவனும் இருந்தான். இன்னொரு கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு இழுத்ததில் அவனுடைய இரண்டு விரல்கள் முறிந்தன.

எல்லாம் அடங்கிய பிறகு, கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "சேர், மடிகேன்னு ஊருக்குப் பேர் மட்டும் ஈக்கிது. மாடு புடிக்கத் தெரிஞ்ச ஒராளும் இல்ல."

வரலாறு படிப்பிக்கிற எனக்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு அவரிடம் பல நாள் போய் இருந்து கேட்டேன். அவருடைய வாப்பா கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மாட்டுக் கரத்தை ஓட்டியவர். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். கண்டியைச் சுற்றி உடதலவின்ன மடிகே, கலகெதர மடிகே என்று ஊர்கள் இருக்கின்றன. பஸ் பலகையில் தினமும் பார்க்கிறோம். மடிகே என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் கையுயர்த்துபவர்கள் மிகக் குறைவு. கண்டி இராச்சியத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு 'பத்த', அதாவது ஒரு திணைக்களம் இருந்தது. யானைக்குக் குருவே பத்த, கொல்லருக்குக் கொட்டல் பத்த, குயவருக்கு படஹெல பத்த. பொதிமாட்டுப் போக்குவரத்துக்கு இருந்தது மடிகே பத்த. கண்டிய முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் இந்த மடிகே பத்தவில்தான் இருந்தார்கள். அரசனிடமிருந்து காணி, அதற்குப் பதிலாகப் பொதிமாட்டுச் சேவை. இதுதான் அவர்களுடைய இராஜகாரிய.

இவர்களில் ஒரு பகுதியினர் மலைநாட்டுக்கு வந்த கதை நம்மில் பலருக்குத் தெரியும். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். ஒல்லாந்தர் காலத்திலும் கரையோர முஸ்லிம்களின் வியாபாரத்துக்கும் நடமாட்டத்துக்கும் பல தடைகள் இருந்தன. கரையையும் மலையையும் இரண்டையும் அறிந்த ஒரு சமூகம் கண்டி அரசனுக்குத் தேவைப்பட்டது. அந்தச் சமூகத்துக்கு ஒரு புகலிடம் தேவைப்பட்டது. பேராசிரியர் லோர்னா தேவராஜா 1994இல் வெளியிட்ட இலங்கை முஸ்லிம்கள் பற்றிய நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இருக்க வேண்டிய நூல்.

ஏன் கரத்தை இல்லாமல் பொதிமாடு? கண்டி அரசர்கள் பாதைகளை வேண்டுமென்றே ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். அகலமான பாதை எதிரியின் பீரங்கிக்கும் வழிவிடும். காட்டினூடாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் சில்லு உருளாது. மாட்டின் குளம்பு ஏறும். நம் நாட்டு மாடு உருவில் சிறியது, கால் தவறாதது. அதன் முதுகில் இரண்டு பக்கமும் மூட்டை தொங்கவிட்டு, கழுத்தில் மணி கட்டி, வரிசையாக ஓட்டிப் போவார்கள். சிங்களத்தில் இதற்குத் தவலம என்று பெயர். தமிழில் தவளம் என்போம். மலையிலிருந்து பாக்கு கீழே போகும். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே வரும். இரவில் அம்பலங்களிலோ திறந்த வெளியிலோ தங்குவார்கள்.

இதில் உப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு கண்டி தன் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. கடலே இல்லாத இராச்சியம். நெல் விளையும், பாக்கு விளையும், மிளகு விளையும். உப்பு விளையாது. புத்தளத்திலிருந்தும் கிழக்குக் கரையிலிருந்தும் ஒவ்வொரு பிடி உப்பும் ஏதோ ஒரு மாட்டின் முதுகில்தான் மலை ஏறியது. அந்த மாட்டின் பக்கத்தில் நடந்தவர்களில் நம்முடைய மூத்தவர்கள் இருந்தார்கள். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பக்கம் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த நாட்களில், "நீங்கள் எப்போது வந்தவர்கள்?" என்ற கேள்வியை நாங்கள் நிறையவே கேட்டோம். இந்த மலைநாட்டுச் சோற்றில் இருந்த உப்பே அதற்கு ஒரு பதில்.

இனி மூக்குக் கயிறு. தமிழில் மூக்கணாங்கயிறு, நாணயக்கயிறு. சிங்களத்தில் நாஸ் லணுவ. மாட்டின் கழுத்துப் பலத்தோடு மனிதனால் போட்டிபோட முடியாது. கழுத்தில் கயிறு போட்டு நான்கு பேர் இழுத்தாலும் வளர்ந்த நாம்பன் நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மூக்குத் துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர் மட்டும் நரம்பு செறிந்த, மிக மென்மையான இடம். அங்கே ஒரு கயிறு இருந்தால் ஒரு சிறு பிள்ளைகூட மாட்டைத் திருப்பலாம். இந்த அறிவு மிகப் பழையது. மெசபொத்தேமியாவின் ஊர் நகரக் கல்லறையில் கிடைத்த, சுமார் 4500 வருடம் பழமையான சித்திரப் பெட்டியொன்றில், வண்டி இழுக்கும் கழுதை இன விலங்குகளின் மூக்கில் வளையம் இருக்கிறது. அரபு நாட்டில் ஒட்டகத்துக்கும் மூக்கில் வளையம் போடுவார்கள். ஹுதைபியா ஆண்டில் நபி (ஸல்) அவர்கள் கொண்டுபோன பலிப்பிராணிகளில், முன்பு அபூஜஹ்லுக்குச் சொந்தமாயிருந்த ஒட்டகம் ஒன்று இருந்ததையும் அதன் மூக்கில் வெள்ளி வளையம் இருந்ததையும் அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் காணலாம். அதே நபியவர்கள், பிராணிகளின் முகத்தில் சூடு போடுவதையும் முகத்தில் அடிப்பதையும் தடுத்தார்கள். வளையம் அனுமதிக்கப்பட்ட காலத்திலேயே எல்லையும் போடப்பட்டிருக்கிறது.

அந்த எல்லை என்ன என்பதைத்தான் முதியவர் எனக்குக் கைகளால் காட்டினார். மூக்குக் குத்துவது ஒன்றரை, இரண்டு வயதில். அதற்கு முன் மூக்கு முற்றியிருக்காது. அதற்குப் பின் மாடு மனிதனுக்கு அடங்காது. காலைக் குளிரில், தலையை மரத்தோடு அணைத்துக் கட்டி, ஒருவர் கொம்பைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் இரண்டு துவாரங்களுக்குள்ளும் விட்டுத் தடவிப் பார்ப்பார். உள்ளே கெட்டியான குருத்தெலும்பு தட்டுப்படும். அதற்குச் சற்று முன்னால், விரல்கள் ஒன்றையொன்று தொடுவதுபோல மெல்லிய இடம் ஒன்று இருக்கும். குத்த வேண்டியது அங்கே. உள்ளே தள்ளிக் குத்தினால் குருத்தெலும்பில் பட்டு வேதனை தீராது, புண்ணும் ஆறாது. வெளியே தள்ளிக் குத்தினால் ஒருநாள் அறுந்துவிடும். "அந்த எடத்தக் கண்டுபுடிக்கிறதுதான் வேல. குத்துறது ஒரு வேலையா?" என்றார்.

ஊசி கூராகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும். கயிறு மெல்லிய பருத்தி நூலில் திரித்து எண்ணெயில் ஊறியதாக இருக்க வேண்டும். கரடுமுரடான கயிறும் இன்றைய நைலோன் கயிறும் சதையை அறுக்கும். குத்திய பிறகு இரண்டு மூன்று கிழமைக்கு அந்தக் கயிற்றைப் பிடித்து இழுக்கவே கூடாது. ஈ மொய்த்துப் புழு வைக்காமலிருக்க வேப்பெண்ணெய் பூசி, கயிற்றை மெதுவாக அசைத்துவிட வேண்டும். புண் ஆறிய பிறகு கயிற்றின் இரண்டு நுனிகளையும் முகத்தின் இருபக்கமாக மேலே கொண்டுபோய்க் கொம்புக்குப் பின்னால் முடிச்சுப் போடுவார்கள். அப்போது கயிறு தொங்கி எங்கும் சிக்காது. இன்று இதை மிருக வைத்தியரைக் கொண்டு, மரக்கச் செய்யும் ஊசி போட்டுச் செய்விப்பதே நல்லது. அறிவு இருக்கும்போது வேதனையைக் குறைக்காமல் விடுவதற்கு நியாயமில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். மூக்குக் கயிறு மாட்டுக்குத் திசை காட்ட. மாட்டைக் கட்டிவைக்க அல்ல. கட்டுவதற்குக் கழுத்துக் கயிறு. தவளம் போனவர்கள் ஒரு மாட்டின் மூக்குக் கயிற்றை முன்னால் போகும் மாட்டோடு கட்டக்கூடாது என்று அவருடைய வாப்பா சொல்லியிருக்கிறார். மலைப்பாதையில் ஒன்று சறுக்கினால் மற்றதின் மூக்கு போய்விடும். அதனால் மணி கட்டிய முன்மாட்டின் சத்தத்துக்கும் ஓட்டுபவரின் குரலுக்கும் மற்ற மாடுகளைப் பழக்கினார்கள். நல்ல மாட்டுக்காரனின் மாட்டுக்கு மூக்கில் தழும்பு இருக்காது என்பது அவர்கள் கணக்கு.

வரலாற்றுக்குத் திரும்புவோம். எல்லாமே இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தத்தோடு நாடு பிரித்தானியர் கைக்குப் போனது. 1817இல் அவர்கள் வெல்லஸ்ஸ முஸ்லிம்களுக்கு மேலாக ஹாஜி மரிக்கார் என்பவரை மடிகே முகாந்திரமாக நியமித்தார்கள். அதுவரை திசாவையின் கீழ் இருந்த மடிகே மக்கள் அவருடைய அதிகாரத்திலிருந்து விலகினார்கள். பொதிமாடு யாருடைய கட்டளைக்குப் போகும் என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமல்ல. அது உணவும் வரியும் படையும். கண்டியப் பிரதானிகளின் மனக்கொதிப்புக்கு இந்த நியமனமும் ஒரு காரணமாயிற்று. அந்த ஆண்டே ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சி வெடித்தது. ஹாஜி மரிக்கார் கிளர்ச்சியாளரிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். 1818இல் பிரித்தானியர் கிளர்ச்சியை அடக்கியபோது ஊவாவின் வயல்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன, மாடுகள் அழிக்கப்பட்டன.

இந்தப் பகுதியை நாம் மேடைகளில் சொல்வதில்லை. செனரத் மன்னன் இடம் கொடுத்ததைச் சொல்வோம், இதை விட்டுவிடுவோம். ஆனால் பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்ல வேண்டும். பல தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த மக்களுக்கு நடுவே வெளியிலிருந்து வந்த ஆட்சி ஒரு பதவியைப் போட்டது. அதன் விலையை இரண்டு பக்கத்து ஏழைகளும் கொடுத்தார்கள்.

அதன் பிறகு மாற்றம் வேகமாக வந்தது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு-கண்டி வீதி போடப்பட்டது. அதை அமைத்த கெப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் நிற்கிறது. 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. காணிக்குப் பதிலாகப் பொதிமாட்டுச் சேவை என்ற கட்டு அறுந்தது. கோப்பித் தோட்டங்கள் வந்தன. கோப்பி மூட்டைகளைக் கொழும்புக்கு இறக்க இரட்டை மாட்டுக் கரத்தைகள் அணியணியாகக் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கின. பாதை அகலமானதும் தவளம் பின்வாங்கியது. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது, 1880இல் மாத்தளைக்கு. கரத்தையின் வேலை புகையிரத நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையிலான தூரமாகச் சுருங்கியது. பிறகு லொறி வந்தது.

கரத்தைக் காலத்தில் மாட்டின் வேதனை கூடியது என்றே நினைக்கிறேன். தவளத்தில் தன் மாட்டோடு தானே நடந்தவன் அதன் மூச்சைக் கேட்டிருப்பான். கூலிக்குப் பாரம் ஏற்றும் கரத்தையில் மாடு யாருடையதோ, பாரம் யாருடையதோ. 1907இல் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அளவுக்கு மீறி அடிப்பதும், ஓட்டுவதும், பாரம் ஏற்றுவதும் குற்றமாயின. அதில் சொன்ன ஆகக்கூடிய தண்டப்பணம் நூறு ரூபாய். அன்றைக்கு அது பெரிய காசு.

இன்று கண்டிப் பக்கத்தில் காளைகளை முறையாகக் கையாளுவதைப் பார்க்க வேண்டுமென்றால் குண்டசாலைக்குத்தான் போக வேண்டும். அங்கே செயற்கைச் சினைப்படுத்தலுக்கான மத்திய நிலையம் இருக்கிறது. இனவிருத்திக் காளைகளைப் பராமரிக்கும் இப்படியான இடங்களில் கயிற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உலோக வளையத்தையே உலகெங்கும் போடுகிறார்கள். காரணம் இதுதான்: நலமடித்த எருது அடங்கிய பிராணி, இனவிருத்திக் காளை அப்படியல்ல. வளையத்தில் கொக்கி வைத்த நீண்ட தடியை மாட்டி, காளைக்கும் மனிதனுக்கும் இடையில் ஒரு தூரத்தை வைத்துக்கொள்கிறார்கள். கூடவே தலைக்கயிறும் போடுவார்கள். வளையத்தை மட்டும் நம்பமாட்டார்கள். நவீனப் பண்ணை முறையும் அந்தக் கரத்தைக்காரரின் பேச்சும் இந்த இடத்தில் ஒன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பெருநாளுக்கு மாடு கொண்டுவருகிறவர்கள் தயவுசெய்து இவற்றை நினைவில் வையுங்கள்:

மூக்குக் கயிற்றால் லொறியிலோ மரத்திலோ கட்டாதீர்கள். கழுத்துக் கயிறோ தலைக்கயிறோ போட்டு அதில் கட்டுங்கள். மூக்குக் கயிறு தளர்வாக இருக்கட்டும்.

பலகையைத் திறக்க முன் எல்லாக் கயிறும் அவிழ்ந்துவிட்டதா என்று பாருங்கள். ஒருவர் கையில் கழுத்துக் கயிறு, மற்றவர் கையில் மூக்குக் கயிறு. தனியாக இறக்காதீர்கள்.

கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். அந்தப் பிள்ளையின் விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. அங்கே திடீரென்று போய் நின்றால் உதைக்கும். குரல் கொடுத்துக்கொண்டு பக்கவாட்டில் தோளருகே வாருங்கள். நேர் முன்னாலும் நிற்காதீர்கள்.

உடம்பைக் குறுக்கே காட்டி நிற்பது, தலையைத் தாழ்த்துவது, முன்காலால் மண்ணைக் கிளறுவது, மூசுவது – இவை எச்சரிக்கை. அப்போது முதுகைக் காட்டி ஓடாமல், மாட்டைப் பார்த்தபடியே பின்வாங்குங்கள். தப்பிக்க வழி இல்லாத மூலையில் மாட்டோடு நிற்காதீர்கள்.

வீட்டில் கையால் தீன் கொடுத்து வளர்த்த காளை என்று ஏமாறாதீர்கள். மனிதனுக்குப் பயமில்லாத காளைதான் அதிக ஆபத்தானது.

பிள்ளைகள் கூட்டமாகச் சூழ்ந்து கத்துவதும் கைபேசியில் படமெடுப்பதும் வேண்டாம். அறுப்பதில்கூட அழகிய முறை வேண்டும், கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும், பிராணிக்கு ஆறுதல் கொடுக்க வேண்டும் என்பது நம் மார்க்கம். லொறியிலிருந்து மூக்கு கிழிந்து இறங்கிய மாட்டுக்கு நாம் என்ன ஆறுதல் கொடுத்தோம்?

மாடு என்றாலே நம்மை அறுப்பவர்களாக மட்டும் பார்க்கும் காலம் இது. மாடறுப்புத் தடை பற்றிய பேச்சு ஒவ்வொரு சில வருடத்துக்கும் வருகிறது. நாமும் உரிமை என்ற ஒரு சொல்லோடு பதில் சொல்லி நிறுத்திவிடுகிறோம். இருநூறு வருடத்துக்கு முன் இந்த மலைநாட்டில் மாட்டின் மூக்கு எங்கே மெல்லியது என்று விரலால் அறிந்தவர்கள் நாம். பொதி ஏற்றும் முன் முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தவர்கள். அந்த அறிவு கைவிட்டுப் போனதால்தான், வீதியில் இரத்தத்தோடு ஓடும் மாடு நம்மைப் பற்றிய சாட்சியாகிறது. அதைப் படமெடுத்துப் பகிர்ந்தவர்களைக் குறைசொல்லி என்ன பயன்?

உங்கள் ஊரில் மாடு பிடித்த, கரத்தை ஓட்டிய முதியவர் யாராவது இருந்தால், இந்தப் பெருநாளுக்கு முன் இளைஞர்கள் நான்கு பேரை அவரிடம் அனுப்புங்கள். ஒரு பின்னேரம் போதும். அந்த முதியவர் இந்த முறை லொறி வரும்போது தானே வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். விரல் முறிந்த பிள்ளையும் கூட நிற்கப்போகிறான். கயிறு பிடிக்க அல்ல, பார்த்துப் பழக.